முளைத்த நெல் கருகுகிறது: திருவாடானைப் பக்கம் மழை எப்போது?

மேல்செய் – செப்டம்பர் 27, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருவாடானையிலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் போகும் வழியில் எங்கள் ஊர். பதினோரு ஆண்டு திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடந்துவிட்டு, அப்பா போன பிறகு ஊருக்கு வந்தவன் நான். இது என் இரண்டாவது வெள்ளாமை. தெரியாமல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் மூன்று ஏக்கர். செய் என்றால் எங்கள் பக்கம் வயல்; மேல்செய் ஒன்றரை, கீழ்செய் ஒன்றரை. இரண்டும் களிமண், வானம் பார்த்த நிலம். ஆவணிக் கடைசியில் உழுது மேல்செய்யில் அண்ணா 4 நெல்லைப் புழுதியில் விதைத்தேன். கீழ்செய்க்கான விதை வீட்டில் மூட்டையாக இருக்கிறது.

ஒன்பது நாளைக்கு முன் ராத்திரி ஒரு மழை. ஓட்டின் மேல் சடசடவென்று அரை மணி நேரம் அடித்தது. நாலாம் நாள் காலையில் மேல்செய் முழுக்கப் பச்சை ஊசி ஊசியாகத் தலை நீட்டியிருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா படத்தைப் பார்க்கவில்லை, வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "முளைத்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார், துக்க வீட்டில் கேட்பது போல.

அன்றிலிருந்து ஒரு பொட்டு மழை இல்லை. பகலில் சித்திரை தோற்றுவிடும். மேற்கிலிருந்து காற்று, அதில் புழுதி. முளைத்த பயிரின் நுனி சுருண்டு துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் காளையார்கோவில் பக்கம் மின்னுகிறது. தொலைக்காட்சியிலும் ஐந்து நாளாக "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்கிறார்கள். இங்கே கோழி குடிக்கக்கூட வரவில்லை.

என் கேள்வி: அடுத்த பத்து நாளில் மழை உண்டா? கீழ்செய்யை இப்போதே விதைக்கவா, நிறுத்தவா? மேல்செய்யை அழித்து உழுதுவிடலாமா? டேங்கர் தண்ணீர் வாங்கித் தெளிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது சரிப்படுமா?

---

நாளைய விவசாயி – செப்டம்பர் 27, இரவு 10.15

என் கைப்பேசியில் செவ்வாய்க்கிழமைக்கு 70 சதவீதம் காட்டுகிறது நண்பரே. மேகப் படமும் போட்டிருக்கிறது. தைரியமாகக் கீழ்செய்யிலும் போட்டுவிடுங்கள். நல்லதே நடக்கும்.

---

பழைய மழைமானி – செப்டம்பர் 28, காலை 6.05

தம்பி, மேலே ஒருவர் கொடுத்த தைரியத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருடைய கைப்பேசிக்கு உங்கள் கீழ்செய் எது, மேல்செய் எது என்று தெரியாது.

நான் கண்மாய்ப் பாசனத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினமும் காலை 8.30-க்கு மழைமானியைப் படித்து எழுதுவதும் என் வேலைதான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை, வீட்டு முற்றத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுமையாகப் படியுங்கள்.

"ஓரிரு இடங்களில்" என்பது வாய்க்கு வந்த சொல் அல்ல, அதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை என்றால் ஒருசில இடங்கள். அதற்கு மேல் 75 வரை பல இடங்கள், அதையும் தாண்டினால் பெரும்பாலான இடங்கள். அப்படியானால் "ஓரிரு இடங்களில் மழை" என்று அறிவிப்பு வந்த அன்றைக்கு நாலு ஊரில் மூன்று ஊராவது காயும் என்றுதான் பொருள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம்தான் "மழை" என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறோம். இன்னொன்று, 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே ஏட்டில் அது மழை நாள். 2.5 மி.மீ. உங்கள் களிமண்ணில் என்ன செய்யும்? புழுதியை அடக்கும், வாசலில் கோலம் கலையும், அவ்வளவுதான்.

உங்களைக் கெடுத்தது இப்போதைய வெயில் என்று நினைக்காதீர்கள். ஒன்பது நாளைக்கு முன் பெய்த அந்த அரை மணி மழைதான் கெடுத்தது. புழுதியில் காய்ந்து கிடக்கிற விதை பத்திரமாக இருக்கும். எறும்பும் மைனாவும் எலியும் கொஞ்சம் தின்னும், மற்றதெல்லாம் தூங்கும். 8, 10 மி.மீ. பெய்து மேல்மண்ணை மட்டும் நனைத்தால் விதை நம்பி எழுந்துவிடும். வேர் கீழே போகிறது, கீழே ஈரம் இல்லை. எங்கள் அப்பா இதை ஏய்ப்பு மழை என்பார். வீட்டில் அம்மா வானத்தைப் பார்த்ததும் அதற்காகத்தான். அடுத்த முறை இங்கே கேட்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

டேங்கர் வேண்டாம். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். ஒன்றரை ஏக்கருக்கு 10 மி.மீ. அளவு தெளிக்க 60,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரி ஐந்து நடை. ஐந்து நடை ஊற்றி நீங்கள் செய்யப்போவது இன்னோர் ஏய்ப்பு மழை. இதுவரை முளைக்காமல் தூங்குகிற விதையையும் தட்டி எழுப்பிக் கொல்வீர்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு வேறு.

மேல்செய்யை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். காலையில் வெயில் ஏறும் முன் போங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு சதுர அடி மண்ணை அலுங்காமல் எடுத்துப் பாருங்கள். நுனி கருகியிருந்தால் பயப்படாதீர்கள், அடித்தண்டைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. பஞ்சு போல உதிர்ந்தால் போய்விட்டது. முளைக்காத நெல்லையும் எண்ணுங்கள், நசுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்த்துச் சதுர அடிக்குப் பத்துக்கு மேல் இருந்தால் உழாதீர்கள். இது என் கணக்கு, புத்தகக் கணக்கு அல்ல.

கீழ்செய் பற்றிப் பிறகு எழுதுகிறேன். 8.30 ஆகப்போகிறது என்று சொல்ல ஆசை, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. பால் வாங்கப் போக வேண்டும்.

---

வானம் பார்த்தவள் – செப்டம்பர் 28, மதியம் 1.20

பரமக்குடியில் இயற்பியல் ஆசிரியை. ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. அந்த மின்னல் ஏன் காளையார்கோவிலிலேயே நின்றுவிடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது மேலே அடிப்பது மேற்குக் காற்று. மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து இறங்கி வருகிற காற்று. பகலில் உள்நாட்டு நிலம் கொதிக்கிறது. பிற்பகலில் பாக் நீரிணையிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஈரக்காற்று மேலே தூக்கப்பட்டு இடிமேகம் கட்டுகிறது. நம் பக்கம் மேற்குக் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று வெகுதூரம் போக முடியாது, தளர்ந்திருந்தால் மதுரை, சிவகங்கை வரை போகும். செய்தியில் "வெப்பச்சலனம்" என்பது இதைத்தான். அங்கே கட்டிய மேகத்தை மேல்காற்று கிழக்கே நம் பக்கம் தள்ளும். ஆனால் இருட்டிய பிறகு தரை சூடு தணிந்து, மேகத்துக்குத் தீனி இல்லாமல் போகும். சில நாள் இரவு பதினொரு மணிக்கு உயிரோடு கரை வரை வந்து சேரும். உங்களுக்கு ஒன்பது நாளைக்கு முன் வந்தது அப்படிப்பட்டதாக இருக்கலாம். அதை எந்தச் செய்க்கு என்று பத்து நாளைக்கு முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

நீங்கள் காத்திருக்க வேண்டியது வடகிழக்குப் பருவமழைக்கு. அது தொடங்கும் இயல்பான தேதி அக்டோபர் 20. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கிழக்குக் காற்று தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை நிலைத்திருக்க வேண்டும், கரையோரம் பரவலாக மழை பெய்ய வேண்டும். அத்தனையும் கூடி வந்தாலும் அக்டோபர் 10-க்கு முன் தொடக்கத்தை அறிவிப்பதில்லை. 2015-இல் அக்டோபர் 28, 2016-இல் 30, 2018-இல் நவம்பர் 1, 2021-இல் அக்டோபர் 25, 2023-இல் 21, 2024-இல் 15. பதினைந்து நாள் முன்னே பின்னே ஆடும் தேதி இது.

வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தாலும் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். ஆந்திரம், ஒடிசா பக்கம் போகிற புயல் நம் பக்கம் மேற்குக் காற்றை இழுத்து இன்னும் ஒரு வாரம் காயவைக்கும். 2018 அக்டோபரில் தித்லி புயல் ஒடிசா, ஆந்திர எல்லைக்குப் போனது. நமக்குப் பருவமழை நவம்பரில்தான் தொடங்கியது.

---

நாளைய விவசாயி – செப்டம்பர் 28, மதியம் 2.02

லா நினா வந்தால் நமக்கு மழை குறையும் என்று காணொலியில் சொன்னார்களே அக்கா?

---

வானம் பார்த்தவள் – செப்டம்பர் 28, மதியம் 2.30

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி இயல்பைவிடக் குளிர்ந்தால் லா நினா, சூடானால் எல் நினோ. பொதுவாக நீங்கள் சொன்ன பக்கம் சாய்வு உண்டு. 2015-இல் எல் நினோ, சென்னை மூழ்கியது. 2016-இல் லா நினா பக்கம், பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. இத்தோடு நிறுத்தினால் அழகான கணக்கு. 2021-இலும் லா நினாதான், அந்த ஆண்டு இயல்பைவிட 59 விழுக்காடு கூடுதல். பசிபிக் பெருங்கடலை வைத்து விதைமூட்டையை அவிழ்க்காதீர்கள் என்பேன்.

---

தொண்டிக் கரை – செப்டம்பர் 28, மாலை 6.50

நான் நெல் போட்டவன் இல்லை, வலை போடுகிறவன். காற்று மட்டும் தெரியும்.

இங்கே கச்சான், அதாவது மேற்குக் காற்று, இன்னும் ஓயவில்லை. மதியத்துக்கு மேல் கொண்டல் என்கிற கிழக்குக் காற்று எட்டிப் பார்க்கும், அது தினமும் வருகிற கடல்காற்று, அதை நம்பக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்கு வள்ளத்தில் ஏறும்போது முகத்தில் எந்தப் பக்கம் காற்று படுகிறது என்று பார்ப்போம். அப்போதும் கச்சான் என்றால் மழைக்காலம் வரவில்லை. விடியற்காலையிலேயே கொண்டலோ வாடை என்கிற வடகாற்றோ பட்டு, மூன்று நாள் தொடர்ந்து நின்றால், எங்கள் பெரியவர்கள் கரையில் கிடக்கிற சாமானை மேலே ஏற்றச் சொல்லிவிடுவார்கள். திரும்பினால் இங்கே எழுதுகிறேன் தம்பி.

---

மேல்செய் – செப்டம்பர் 29, காலை 8.10

ஐயா, விடிந்ததும் போய் ஐந்து இடத்தில் எடுத்துப் பார்த்துவிட்டேன். வடக்குப் பக்கம் மூன்று இடத்திலும் பதினாலு, பதினொன்று, பதினாறு. நடுவில் பன்னிரண்டு. தெற்கு மூலையில் மூன்றுதான், அங்கே கரம்பை வெடித்து விரல் நுழைகிற அளவு விரிசல். அடித்தண்டைக் கிள்ளினால் நீங்கள் சொன்ன வெள்ளை தெரிகிறது. முளைக்காத நெல்லும் நிறையக் கிடக்கிறது. இது தெரியாமல் நேற்று டிராக்டருக்குச் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். "ஏய்ப்பு மழை" என்ற இடத்தில் தலையை ஆட்டினார். டேங்கர் கணக்கைக் கேட்டதும் சிரித்தார். அந்த யோசனை சொன்னவர் என் மாமா.

---

பழைய மழைமானி – செப்டம்பர் 29, காலை 11.30

நல்லது. தெற்கு மூலையை மட்டும் குச்சி நட்டுக் குறித்து வையுங்கள். பிற்பாடு அங்கே மட்டும் விதை தூவிக்கொள்ளலாம். இப்போது மருந்து தெளிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். வறட்சிக்குப் பொட்டாஷ் கரைசல் தெளிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டு இலைப் பயிரில் தெளித்தால் பாதி மண்ணுக்குத்தான் போகும். பயிர் தூர் கட்டிய பிறகு வாட்டம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கீழ்செய்.

2016-இல் நான் செய்ததைச் சொல்கிறேன். வேலையில் இருந்துகொண்டே சொந்த நிலத்திலும் பயிர் வைத்திருந்தேன். செப்டம்பரில் ஒரு மழையை நம்பி விதைத்தேன், முளைத்துக் கருகியது. அக்டோபரில் தூறலை நம்பி மறுபடி விதைத்தேன், அதுவும் கருகியது. அதற்கு மேல் வீட்டில் விதை இல்லை. தினமும் காலையில் மழைமானியைத் திறந்து "0.0" என்று என் கையால்தான் எழுதினேன், அப்படியிருந்தும் என் வயலுக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மனைவி இன்றும் இதைச் சொல்லிக்காட்டுவார்.

உங்கள் கீழ்செய் பள்ளம். நிஜமான மழை இறங்கிவிட்டால் டிராக்டர் உள்ளே போகாது, சேறாகிவிடும். ஆகவே மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்று இருக்கவும் முடியாது. புழுதியிலேயே விதைக்க வேண்டும், ஆனால் இன்றைக்கு வேண்டாம். அக்டோபர் 6 முதல் 12 வரை ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா 4 நூறு, நூற்றைந்து நாள் நெல், அதற்கு அவசரம் இல்லை. அதுவரை எறும்புக்கும் மைனாவுக்கும் விதையை வெளியே போட்டுவைப்பானேன்?

விதைக்கும் முன் விதையைக் கடினப்படுத்துங்கள். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, கடையில் பொட்டாஷ் உரம் என்று கிடைப்பதுதான். கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 16 மணி நேரம் ஊற வேண்டும். பிறகு நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டுவிடாதீர்கள். ஊறவைக்கும் முன் இருந்த எடைக்கே திரும்ப வர வேண்டும். தராசில் வைத்துப் பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முளைத்த பிறகு பத்து நாள் வறட்சியைத் தாங்க இது உதவும். விதைத்த பின் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மண் மூடும்படி ஓட்டச் சொல்லுங்கள். மேலாகக் கிடந்தால் ஒவ்வொரு தூறலுக்கும் எழுந்து உட்காரும்.

மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வரும், அடுத்த ஐந்து நாளுக்கு அதைப் பாருங்கள். வியாழன்தோறும் வானிலைத் துறையினர் நாலு வாரத்துக்கான கண்ணோட்டம் வெளியிடுகிறார்கள். அதில் வாரவாரியாக மழை இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்று போக்கு மட்டும் தெரியும், தேதி தெரியாது. மாவட்டக் கணக்கை உங்கள் ஊர்க் கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே மாவட்டம்தான், திருவாடானைப் பக்கம் அந்தப் பெருமழை வரவில்லை.

அதனால் நீங்களே அளக்கத் தொடங்குங்கள். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக உள்ள டப்பா எதுவானாலும் போதும், வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டில்லை. மரத்துக்கும் வீட்டுக்கும் தள்ளி வெட்டவெளியில், சாயாமல் கட்டிவையுங்கள். காலை 8.30-க்கு உள்ளே அளவுகோலை விட்டால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுதான் மழை. மின்னும்போது பனைமரத்தடியில் நின்று அளக்காதீர்கள்.

இன்னொன்று. அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சான்று, வாங்கிப் பயிர்க் காப்பீட்டைக் கட்டிவிடுங்கள். நவம்பர் நடுவில் கடைசித் தேதி வருவது வழக்கம், கடைசி நாளில் கணினி வேலை செய்யாது.

---

நாளைய விவசாயி – செப்டம்பர் 30, இரவு 9.00

செவ்வாய்க்கிழமை போய்விட்டது. 70 சதவீதம் என்று நான் சொன்னதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரிலும் இல்லை.

---

தொண்டிக் கரை – அக்டோபர் 12, காலை 5.15

விடியற்காலையில் கச்சான் இல்லை. காற்றே இல்லை, கடல் எண்ணெய் போலக் கிடக்கிறது. புழுக்கம் தாங்க முடியவில்லை. கொண்டல் என்று இன்னும் சொல்ல மாட்டேன்.

---

மேல்செய் – அக்டோபர் 14, காலை 8.45

கீழ்செய்யில் 9-ஆம் தேதி விதைத்தேன், ஐயா சொன்னபடி. எடை சரியாகத் திரும்பி வர இரண்டு நாள் ஆனது. அம்மா கட்டில் துணியை எல்லாம் எடுத்துத் திண்ணையில் விரித்துக் காயவைத்தார்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு இடி. விடிய விடியத் தூறல் மாதிரி, நடுவில் ஒரு அடி அடித்தது. அம்மாவின் பழைய பால்பவுடர் டப்பாவில் காலை 8.30-க்கு அளந்தேன், 14 மி.மீ. மேல்செய்யில் சுருண்டு கிடந்த நுனி நிமிர்ந்திருக்கிறது, கீழே புதிய இலை ஒன்று விடுகிறது. கீழ்செய்யில் விரலை விட்டால் முதல் கணு வரை ஈரம், அதற்குக் கீழே புழுதி. விதை இருக்கிற இடம் வரை இன்னும் இறங்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஐயா, இதுவும் ஏய்ப்பு மழைதானா?

---

பழைய மழைமானி – அக்டோபர் 14, காலை 9.20

எனக்கு 9 மி.மீ. முதல் கணுவோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம். நாளைக் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள், அதற்கு மேல் பேசுவோம். தொண்டித் தம்பியையும் காற்றைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.